புரட்டிப் போடாத தாள்

மதியம் ஒன்று பத்துக்கு டிபன் பாக்ஸைத் திறந்தேன். மேஜை மேல் கடல் வரைபடமும், அதன் மேல் காலையில் வைத்த என் கண்ணாடித் தாளும் விரித்தபடியே கிடந்தன. அதில் எண்ணெய்க் கறை பட்டுவிடக் கூடாதே என்று பாக்ஸை ஓரமாக நகர்த்தியபோதுதான் என் கையெழுத்து கண்ணில் பட்டது. "இந்தப் பக்கம் போகாதே." பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சிவப்பு மையில் நானே எழுதியது. தெளிவாக, நேராக, சின்னப் பிள்ளைகூடப் படிக்கிற மாதிரி இருந்தது. முதல் வாயை அதற்குள் போட்டுவிட்டேன். மென்றேனா, அப்படியே விழுங்கினேனா என்று தெரியவில்லை.

அந்த எழுத்து நேராகத் தெரிந்திருக்கக் கூடாது.

கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் புரியும். நான் நாலே நாலு சரக்குக் கப்பல் வைத்திருக்கிற ஒரு கம்பெனியின் கரை ஆபீசில் வேலை பார்க்கிறேன். வானிலையைப் பார்த்து, எந்தக் கப்பல் எந்த வழியாகப் போகலாம் என்று சொல்வது என் வேலை. அதற்கு முன்னால் நானே கப்பலில் இருந்தவன்தான். முழங்கால் போய்விட்டதால் கரையேறினேன். கப்பலில் இருந்தபோது ஒரு கண்ணாடித் தாளில் புயலை வரைந்து வைத்தேன். நடுவில் ஒரு புள்ளி, அது போகிற திசைக்கு ஒரு அம்பு, அம்புக்கு வலது பக்கம் பூராவும் சிவப்புக் கோடு. வடக்குக் கடல்களில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அங்கே அது போகிற திசைக்கு வலது பக்கம்தான் ஆளைக் கொல்கிற பக்கம். சுற்றுகிற காற்றோடு புயல் நகர்கிற வேகமும் சேர்ந்துகொள்ளும், கப்பலைப் பிடித்துப் புயலின் பாதையிலேயே தள்ளும். இடது பக்கம் அவ்வளவு மோசமில்லை. படத்தில் புயல் இருக்கிற இடத்தில் தாளை வைத்தால், எங்கே போகக் கூடாது என்று சட்டென்று தெரிந்துவிடும்.

பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே போய்விட்டால் எல்லாம் மாறிவிடும். புயல் வலஞ்சுழியாகச் சுற்றும். கொல்கிற பக்கம் இடது பக்கமாகிவிடும். அதற்கென்று இன்னொரு தாள் வரைய வேண்டியதில்லை. இதையே புரட்டிப் போட்டால் போதும், சிவப்பு இடது பக்கம் வந்துவிடும். அப்போது என் எழுத்து கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பித் தெரியும். படிக்க முடியவில்லை என்றால் சரியாக வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். பத்தொன்பது வருஷத்தில் அப்படிப் புரட்டியது ஏழெட்டுத் தடவை இருக்கும். எங்கள் கப்பல்கள் அநேகமாக வடக்கேயே ஓடியவை. போன நவம்பரில்தான் ஒரு கப்பலைத் தெற்குக் கடலுக்கு மாற்றினார்கள்.

கம்ப்யூட்டரில் வராதா என்று கேட்பீர்கள். வரும், கலர் கலராக வரும். ஆனாலும் தாளை வைத்துப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஒப்பும். அது என்னுடைய பிடிவாதம். இன்று காலையில் அந்தப் பிடிவாதம்தான் என்னைக் கவிழ்த்தது.

தெற்கே மாற்றிய அந்த ஒரு கப்பலுக்குக் கேப்டன் யார் என்றால், என் மனைவியின் தம்பி.

காலை ஒன்பதே காலுக்கு சாட்டிலைட் போனில் கூப்பிட்டான்.

"மாமா, எதிர்ல ஒருத்தர் வர்றாரு. நானூறு மைல் தள்ளி. கொஞ்சம் கோவக்கார ஆள் மாதிரி தெரியுது. எந்தப் பக்கம் ஒதுங்கட்டும்?"

புயலை எப்போதும் ஆள் மாதிரிதான் சொல்வான். அவன் கிழக்கே போய்க்கொண்டிருந்தான். புயல் அவனைப் பார்த்து மேற்காக, கொஞ்சம் தெற்கே சாய்ந்து வந்துகொண்டிருந்தது. நான் தாளை எடுத்து வைத்தேன். சிவப்பு வடக்குப் பக்கம் விழுந்தது. அதைப் பார்க்காமலே இருந்திருந்தால்கூட அதையேதான் சொல்லியிருப்பேன். இருபது வருஷமாக வாயில் ஊறிய வார்த்தை அது. வடக்குக் கடலில் புயல் வந்தால் கப்பலுக்கு அடைக்கலம் தெற்கே, பூமத்திய ரேகைப் பக்கம். அந்தக் கோட்டுக்குக் கிட்டே எந்தப் புயலும் வராது.

"தெற்கே ஒதுங்கு மாப்ள."

சாட்டிலைட் போனில் எப்பவும் ஒரு நொடி தாமதம் இருக்கும். அது முடிந்து அவன் குரல் இழுத்துக்கொண்டு வந்தது.

"தெற்கேயா மாமா?"

"ஆமாடா. ஏன், தெற்கு எந்தப் பக்கம்னு மறந்துபோச்சா? உங்க அக்காவைக் கேட்டுச் சொல்லட்டுமா?"

சிரித்துவிட்டான். "அவளைக் கேட்டா, கப்பலை அப்படியே வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துன்னு சொல்லுவா. சரி மாமா, நீங்க சொன்னா சரி."

அவனும் என்னை மாதிரி வடக்கே பழகியவன்தான். தெற்கில் இது அவனுக்கு இரண்டாவது பயணம். அவன் சும்மா கேட்கவில்லை, சந்தேகப்பட்டுத்தான் கேட்டான். நான் அதைக் காதில் வாங்கி யோசித்திருந்தால் தாளைப் பார்த்திருப்பேன். கிண்டல் பண்ணி அவன் வாயை அடைத்தேன். மாமன் மச்சான் விளையாட்டு.

இப்போது மணி ஒன்று பத்து. நாலு மணி நேரமாக, மணிக்குப் பன்னிரண்டு மைல் வீதம், அவன் போகக் கூடாத பக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

"அண்ணே, என்ன பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? அண்ணி உப்புப் போட மறந்துட்டாங்களா?"

பக்கத்து மேஜைக்காரன். கப்பல் ஆட்களுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பவன் என்பதால் ஆபீசில் அவனுக்கு டிக்கெட் என்றே பெயர். நான் தாளை எடுத்துப் புரட்டி வைத்தேன். எழுத்து திரும்பியது. சிவப்பு தெற்கே போனது. அவனுடைய கப்பலைக் குறித்த பென்சில் புள்ளி அந்தச் சிவப்புக்குள் இருந்தது.

டிக்கெட் எட்டிப் பார்த்தான். "தெக்க எல்லாமே தலைகீழாமேண்ணே? பாத்ரூம் தண்ணிகூட எதிர்ப்பக்கம் சுத்தும்னு சொல்றாங்க."

"அது கதை. புயல் மட்டும்தான் அப்படிச் சுத்தும்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. "டேய், நான் தப்பா வழி சொல்லிட்டேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "யாருக்கு?"

"என் மச்சானுக்கு."

போனை எடுத்து நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது, அடித்து நின்றது. மறுபடி அடித்தேன், அப்படியேதான். அலை பெரிதாக ஆட்ட ஆரம்பித்தால் ஆண்டெனா ஆகாயத்தைத் தேடிக்கொண்டே இருக்கும், சில நேரம் பிடிக்கும், சில நேரம் விட்டுவிடும். எழுத்தில் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் பென்சிலை வைத்துக் கணக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது "வடக்கே திரும்பு" என்று மட்டும் சொன்னால் அதுவும் ஆபத்து. வடக்கே போக வேண்டும் என்றால் புயலுக்கு முன்னால் அதன் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டும். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று மணிக்குள் திரும்பினால் தாண்டிவிடலாம். அதற்கு மேல் திரும்பினால் நடுவில் மாட்டிக்கொள்வான். அப்புறம் திரும்பாமல் தெற்கேயே ஓடுவதுதான் மிச்சம். கெட்ட பக்கம்தான், ஆனாலும் எவ்வளவு தூரம் ஓடுகிறானோ அவ்வளவு நல்லது.

முதலில் இப்படி எழுதினேன்: "சூழ்நிலை மாறியுள்ளதால் வழியை மாற்றிக்கொள்ளவும்." எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். ஆபீசுக்கு ஏற்ற வாக்கியம். நாளைக்கு யாராவது எடுத்துப் பார்த்தாலும் என் மேல் ஒன்றும் வராது. ஆனால் அங்கே அவன் இதைப் படித்தால் என்ன நினைப்பான்? புயல் கொஞ்சம் திசை மாறியிருக்கிறது, மாமா சும்மா ஜாக்கிரதைக்குச் சொல்கிறார், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைப்பான். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவனிடம் இல்லை.

அதை அழித்தேன். "காலையில் நான் சொன்னது தப்பு. தாளைப் புரட்டிப் போடவில்லை. தெற்கு கெட்ட பக்கம். இது மூன்று மணிக்குள் உன் கைக்கு வந்தால் உடனே வடமேற்கே திரும்பு. மூன்றுக்கு மேல் வந்தால் திரும்பாதே, தெற்கேயே முடிந்த வேகத்தில் ஓடு. நீ கேட்டது சரி, நான்தான் கேட்கவில்லை." இப்படி எழுதி, அவசரச் செய்தியாக அனுப்பினேன். மேனேஜருக்கும் ஒரு நகல் போட்டேன். மணி ஒன்று முப்பத்தெட்டு.

"சேர்ந்தது" என்று வந்தது. கப்பலில் இருக்கிற மெஷினுக்குச் சேர்ந்தது என்று அர்த்தம். அதை மனுஷன் படித்தானா என்று எந்த மெஷினும் சொல்லாது.

டிக்கெட் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான், "அண்ணிக்குத் தெரியுமா?"

"அவளுக்கு அங்கே புயல் காலம்னே தெரியாது."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே உறைத்தது.

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில் இருக்கிற காலண்டர் மாட்டியிருக்கும். ஒவ்வொரு புது வருஷத்தன்றும் என் மனைவி சிவப்புப் பென்சிலை எடுத்து ஜூனிலிருந்து நவம்பர் வரை ஆறு மாதத்தையும் தீட்டிவிடுவாள். தம்பி ஓடுகிற கடலில் புயல் காலம் அது. தம்பிக்கும் அவளுக்கும் பதினோரு வயசு வித்தியாசம். அவனைத் தூக்கி வளர்த்தவளே அவள்தான். அந்த ஆறு மாதமும் அவள் சரியாகத் தூங்க மாட்டாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். ஜன்னலைத் திறந்து பார்ப்பாள், இங்கே காற்றே இருக்காது. நவம்பர் முடிந்ததும் பென்சிலை டிராயரில் போட்டுவிட்டு, "ஆச்சு" என்பாள். அன்றைக்கு அவள் தூங்குகிற தூக்கத்தைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும்.

போன நவம்பர் முப்பதாம் தேதியும் அப்படித்தான் சொன்னாள். "ஆச்சு. இனி ஜூன் வரைக்கும் கவலையில்ல, இல்லைங்க?" அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் அவன் கப்பல் தெற்கே மாறியிருந்தது. வழி மாறியது அவளுக்குத் தெரியும். தெற்கே போனால் காலமும் மாறும் என்பது தெரியாது. இங்கே அடங்குகிற நேரத்தில்தான் அங்கே எழும்பும். நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும், நமக்கு அமைதியான ஜனவரி பிப்ரவரிதான் அங்கே உச்சம். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் கொட்டாவி விட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு பத்துக்கு அவளே கூப்பிட்டாள்.

"ஏங்க, சாப்டீங்களா?"

"ம்."

"தம்பி காலைல மெசேஜ் போட்டிருந்தான். மாமா வழி சொல்லிட்டாரு, கவலைப்படாதேன்னு. என்ன வழி? காத்து கீத்து ஒண்ணும் இல்லையே?"

எதிரே கணினித் திரையில் புயலின் படம் இருந்தது. வெள்ளையாக, நிதானமாக, வலஞ்சுழியாக. நான் அதையே பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல" என்றேன்.

"அதானே, ஜனவரிதானே. சரி, பெயிண்டர் வந்திருக்காரு. தம்பி ரூம் சுவர்ல ரெண்டு கலர் தீட்டிக் காட்டியிருக்காரு. அடுத்த மாசம் லீவுல வர்றப்போ பளிச்சுன்னு இருக்கணும். நீலமா, மஞ்சளா?"

"எதுவானாலும் சரி."

"உங்களைக் கேட்டேன் பாருங்க. கடல்லயே கெடக்கறவனுக்கு வீட்லயும் எதுக்கு நீலம்? மஞ்சளே அடிக்கச் சொல்றேன்."

போனை வைத்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல் வரை போனேன், திரும்பி வந்தேன். பேனாவை எடுத்தேன், வைத்தேன். மேனேஜர் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நாளைக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார். தருகிறேன் என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் எங்கே இருக்கிறது என்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாகத் திரையில் ஒரு புள்ளி விழும். ஒன்பது மணிப் புள்ளி, பன்னிரண்டு மணிப் புள்ளி இரண்டும் ஏற்கெனவே இருந்தன. மூன்று மணிக்கு அடுத்த புள்ளி விழுந்தது. டிக்கெட்டும் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தான். பன்னிரண்டுக்கு இருந்த இடத்திலிருந்து அது தெற்கேதான் இருந்தது. ஆனால் முழு மூன்று மணி நேரத் தூரம் இல்லை. பாதிகூட இல்லை.

"கம்மியாத்தானே போயிருக்கு? திரும்பிட்டாரு, இல்லைண்ணே?" என்றான் டிக்கெட்.

"திரும்பியிருந்தாலும் இவ்வளவுதான் இருக்கும். காத்துல மாட்டி நகர முடியாம நின்னிருந்தாலும் இவ்வளவுதான் இருக்கும்."

"எது பார்த்தா தெரியும்?"

"ஆறு மணிப் புள்ளி."

போனை மறுபடி அடித்தேன். இந்தத் தடவை மணியே அடிக்கவில்லை. டிக்கெட் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். "நீங்க கிளம்புங்கண்ணே. புள்ளி உங்க போன்லயும் வரும். வேற எதுவும் வந்தா நான் உடனே கூப்பிடறேன். இங்க உக்காந்து நகத்தைக் கடிக்கிறதுக்கு, போய் அண்ணிகிட்ட வாயைத் திறங்க."

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். நம் ஊர் ஆகாயம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு இலை அசையவில்லை. பக்கத்தில் நின்றவர் "நல்ல கிளைமேட் சார்" என்றார். தலையாட்டினேன்.

வீட்டுக்குள் போனால் பெயிண்ட் வாசனை. தம்பி அறையில் பெயிண்டர் ஏணி மேல் உட்கார்ந்து சுவரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் அறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, "அந்த மூலையை விட்டுட்டீங்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக நான் ஏழு மணிக்கு வருகிறவன்.

"என்னாச்சு?"

சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். முதலில் காலத்தைச் சொன்னேன், அப்புறம் தாளைச் சொன்னேன். அதைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். எடுத்து மேஜையில் வைத்து, இப்படி வைத்திருக்க வேண்டும், இப்படி வைத்துவிட்டேன் என்று காட்டினேன். அவன் "தெற்கேயா மாமா?" என்று கேட்டதையும் சொன்னேன். நான் அடித்த கிண்டலையும் சொன்னேன். அதை விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தது உண்மை.

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. தாளை எடுத்து ஒரு பக்கம் பார்த்தாள், புரட்டி மறுபக்கம் பார்த்தாள்.

"அப்ப நவம்பர்லயே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் தினமும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேனே. நீங்க பக்கத்துல முழிச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

"இல்ல. நானும் தூங்கினேன்."

அவள் தலையை ஆட்டினாள். அது என்ன தலையாட்டல் என்று எனக்குப் புரியவில்லை. "ஆறு மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கு?"

"இருபது நிமிஷம்."

காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மேஜை மேல் போட்டாள். டிராயரைத் திறந்து சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்தாள். முனை மழுங்கியிருந்தது. கத்தியை எடுத்துச் சீவினாள். சிவப்புத் தூள் மேஜையில் கொட்டியது, அதை ஊதவில்லை. ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து தீட்ட ஆரம்பித்தாள்.

"முடிஞ்ச நாளை எதுக்கு..." என்றேன்.

"நான் தூங்கின நாளு. அதுவும் இருக்கட்டும்."

ஜனவரி முடிந்தது. பிப்ரவரி. தம்பி லீவில் வருவதாகச் சொன்ன தேதியை ஏற்கெனவே பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அதன் மேலும் தீட்டினாள், வட்டம் உள்ளே மங்கலாகத் தெரிந்தது. மார்ச். ஏப்ரல். பென்சில் தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தினாள். உள்ளே பெயிண்டர் சுவரைத் தேய்க்கிற சத்தமும் இங்கே பென்சில் சத்தமும் ஒரே மாதிரி கேட்டன.

"மே?"

"மே இல்ல."

"நிச்சயமா?"

இன்று காலையில் என்றால் "நிச்சயமா" என்று சொல்லியிருப்பேன். "பெரும்பாலும் இல்ல" என்றேன்.

பென்சில் மே மாதத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதைத் தாண்டி, ஏற்கெனவே தீட்டியிருந்த ஆறு மாதத்தையும் தாண்டி, டிசம்பருக்குப் போய் அதையும் தீட்டி முடித்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள். விரல் நுனியெல்லாம் சிவப்பாக இருந்தது.

தாள் முழுக்க ஒரே சிவப்பு. நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டம். என் கையிலிருந்த போனை வாங்கி அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள். அந்த இடத்துக்குப் போன் பெரிது, ஏப்ரல் பாதியும் ஜூன் பாதியும் அடியில் போயின. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

உள்ளே தேய்க்கிற சத்தம் நின்றது. "அம்மா, மஞ்சள்தானே? கலக்கிடவா?" என்று பெயிண்டர் குரல் கொடுத்தார். அவள் கண்ணைப் போனிலிருந்து எடுக்கவில்லை. ஆறு அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. போன் திரை இன்னும் இருட்டாகவே இருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் இரண்டு முகமும் அதில், கண்ணாடியில் தெரிகிற மாதிரி, பக்கம் மாறித் தெரிந்தன.